பன்னிரண்டு மைக்ரான்

தொட்டிக்காரிக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். கையுறையைக் கழற்றுவாள். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் உறையை விரல் விரலாக உருவி, மடித்து, மேசைமேல் வைப்பாள். அதைப் பார்த்ததும் அந்த அறையில் இருப்பவர்களுக்கு வேறெங்கோ ஒரு அவசர வேலை நினைவுக்கு வந்துவிடும். பத்தொன்பது வருட வேலையில் அவள் அப்படிக் கழற்றியது ஐந்தாறு தடவைதான் இருக்கும். அந்த ஒரு மாதத்தில் மட்டும் நான்கு தடவை கழற்றிவிட்டாள். நான்கிற்கும் காரணம், ஊதினால் பறந்துவிடக்கூடிய ஒரு தகடு.

அந்தத் தொழிற்சாலையில் மலையைப் புரட்டும் வேலை எதுவும் நடக்கவில்லை. காது கேட்கும் கருவியில் ஒரு பொத்தான் இருக்குமல்லவா, அதை அமுக்கினால் உள்ளே ஒரு நிக்கல் நாக்கு வளைந்து எதிரில் இருப்பதைத் தொடும். அந்த நாக்கைச் செய்கிறார்கள். உள்ளங்கை அகலத் தகட்டை அமிலத் தொட்டியில் அமிழ்த்தி, வேண்டிய அளவுக்குக் கரைத்து மெலிதாக்கி, பிறகு நாக்கு நாக்காக வெட்டுவது. கரைப்பது இவள் வேலை. அதனால்தான் தொட்டிக்காரி என்று பெயர் வந்தது. வைத்தவர் யாரென்று தெரியாது. அவளுக்கு அதில் வருத்தமும் கிடையாது.

முன்பு ஒரு சாயப்பட்டறையில் துணி முக்கிக்கொண்டிருந்தாள். தொட்டியும் நிமிடமும் அங்கேயே பழகிவிட்டன. கல்யாணம் ஒன்றும் நடந்தது. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு, ஒத்துவராது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வந்தபோது அம்மாவும் அப்பாவும் இல்லை. பத்து வயதுத் தங்கை இருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, டிப்ளமோ வரை படிக்கவைத்தது, கடைசியில் இதே தொழிற்சாலையில் அளவு அறையில் வேலை வாங்கிக்கொடுத்தது எல்லாம் இவள்தான். அதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற பழக்கம் இவளுக்கு இல்லை. கோபம் வந்தால் மட்டும் சொல்லிக்காட்டுவாள்.

அக்காவின் தொட்டி அறைக்கும் தங்கையின் அளவு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் அமில நெடியும் காற்றாடி இரைச்சலும். அந்தப் பக்கம் குளிர்ந்த காற்றும் ஒரு இயந்திரமும். அக்கா கரைத்த தகட்டிலிருந்து தங்கை ஒரு துண்டை வெட்டி இயந்திரத்தில் மாட்டுவாள். இயந்திரம் அந்தத் துண்டைப் பிடித்து, விட்டாலும் திரும்ப நிமிராத அளவுக்கு வளைக்கும். பிறகு ஒரு தாளை அச்சடித்துத் தரும். தாளின் முதல் வரியில் ‘தடிமன்’ என்று போட்டு, இத்தனை மைக்ரான் என்றிருக்கும். முன்பெல்லாம் திருகு அளவியில் வைத்துப் பார்ப்பார்கள். மெல்லிய தகட்டை அது நசுக்கும், ஆளுக்கு ஒரு அளவு காட்டும் என்று ஆறு வருடத்துக்கு முன் இந்த இயந்திரத்தை வாங்கிப் போட்டார்கள். திருகு அளவி மேசை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆரம்பத்தில் ஐம்பது மைக்ரான் தகடு கேட்டார்கள். தலைமுடியைவிடக் கொஞ்சம் மெலிது. பிறகு இருபத்தைந்து. இப்போது கருவி காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற அளவுக்குச் சிறுத்துவிட்டதால் பன்னிரண்டு வேண்டுமாம். தொட்டிக்காரி கணக்குப் போட்டாள். இருபத்தைந்து மைக்ரான் தகட்டை எடுத்து, இருபத்தாறு நிமிடம் அமிலத்தில் விட்டால் பன்னிரண்டு வரும். விட்டாள். எடுத்தாள். கழுவினாள். தங்கையிடம் கொடுத்தாள்.

பதினைந்து என்று தாள் வந்தது.

மறுபடி ஒரு தகடு. பதினைந்து. புது அமிலம், புதுத் தகடு. பதினைந்தேதான்.

அங்கே மேலாளருக்குப் ‘பிரிண்ட்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தாளில் வந்ததுதான் அவருக்கு உலகம். வெளியே மழை கொட்டுகிறது என்று சொன்னால்கூட அதைத் தாளில் காட்டு என்பார். மூன்று தாளையும் விசிறி போலப் பிடித்துக்கொண்டு தொட்டி அறைக்கு வந்தார்.

“ஏம்மா, ஆறு நிமிஷம் முன்னாடியே எடுத்துடறீங்களா?”

“இல்ல சார். இருபத்தாறு நிமிஷம் விட்டுத்தான் எடுக்கறேன்.”

“அப்புறம் எப்படிம்மா பதினஞ்சு வருது?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? என் கையில இருக்கறது தொட்டியும் கடிகாரமும். ரெண்டும் சரியா இருக்கு.”

அவர் நம்பவில்லை. தொட்டிக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினார். ஒரு வாரம் அது இமை கொட்டாமல் பார்த்தது. இருபத்தாறு நிமிடம் என்பது ஒரு நாள்கூடத் தவறவில்லை. மனுஷனாக இருந்தால் அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். பிரிண்ட் மூடவில்லை. அப்படியானால் அமிலத்தைச் சரியாகக் கலக்குவதில்லை என்றார். அவள் கலக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். கலவையும் சரியாக இருந்தது. அப்படியானால் தகட்டைத் தொட்டிக்குள் சரியாக அசைப்பதில்லை என்றார். தப்பு இவளிடம்தான் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. எந்த இடத்தில் என்பதுதான் வாரத்துக்கு ஒரு தடவை மாறிக்கொண்டிருந்தது.

கடைசியில், “எதுக்கு வம்பு, ஆறு நிமிஷம் கூட விடுங்க,” என்றார்.

“விட்டா தகடு பத்துக்கும் கீழ போயிடும் சார். நாக்கு நாலு தடவை வளைஞ்சா ஒடிஞ்சிடும். காதுல மாட்டறவங்க பாவம்.”

“பேப்பர் பதினஞ்சுன்னு சொல்லுது. நீங்க பத்துங்கறீங்க. நான் யாரை நம்பறது?”

அந்த மாதத்தில் கையுறை முதல் தடவை கழன்றது அப்போதுதான்.

மாலை ஷிப்ட்டில் இன்னொருவர் உண்டு. அவர் பெயரே ‘சரிங்க சார்’. தலை ஆட்டி ஆட்டியே கழுத்து தேய்ந்தவர். ஆறு நிமிடம் கூட விடச் சொன்னார்கள். சரிங்க சார் என்று விட்டார். தாளில் பன்னிரண்டு என்று அழகாக வந்தது. பிரிண்ட் அந்தத் தாளைத் தொட்டி அறைக் கதவில் ஒட்டினார். தொட்டிக்காரி உள்ளே போகும்போதும் வரும்போதும் அது அவள் கண்ணில் பட வேண்டுமாம். இதெல்லாம் ஒரு பெரிய மனுஷன் செய்கிற வேலையா? சரிங்க சாரின் தகடுகள் வெட்டப்பட்டு இரண்டு பெட்டியாக வெளியே போயின. இவள் தகடுகள் மூலையில் அடுக்கப்பட்டன.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வீட்டில் நடந்தது. மாடியில் இரண்டு அறை அவர்கள் வீடு. வேலை முடிந்து வந்து துணியை மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலை ரொம்ப மெதுவாக வைத்துக்கொண்டாள்.

“அக்கா, தப்பா நினைக்காத. உனக்குக் கை வலி ஏதாவது இருக்கா? நின்னுக்கிட்டே இருக்கியே. சில சமயம் கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டு, அது ஞாபகம் இல்லாமக்கூடப் போகலாம்.”

“கேமராதான் பாத்துச்சே.”

“கேமரால கடிகாரம் தெரியுது. தகடு முழுசா முங்கியிருக்கான்னு தெரியலயே. வயசாகுதுக்கா. சொன்னா வேற வேலை மாத்திக் கொடுப்பாங்க. நான் பேசறேன்.”

மேலாளர் சந்தேகப்பட்டபோதுகூட வராத அளவு ஆத்திரம் தங்கையின் அந்தக் கரிசனத்தில் வந்தது. பொய்க்காரி என்று நேராகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இவள் ஞாபகமறதிக்காரி என்று தடவிக்கொடுக்கிறாள். நாற்பத்து நான்கு வயது என்ன தொண்ணூறா? தொட்டிக்காரி மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பிரிண்ட் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. தொட்டி வேலையில் தொடர்ந்து கவனக்குறைவு, அதை ஊழியர் ஒப்புக்கொள்கிறார் என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் பெட்டி ஒட்டும் பிரிவுக்குப் போகலாம். போடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம். பத்தொன்பது வருடம் தொட்டியருகில் நின்றவளுக்கு அந்த இரண்டு வழிதான் மிச்சம்.

கடிதத்தின் அடியில், ‘அளவுகளைச் சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் ஒரு கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. தங்கைக்கு அந்தக் கையெழுத்தை முதன்முதலில் போடச் சொல்லிக்கொடுத்தது இவள்தான்.

அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் தங்கை இயந்திரத்தின்மேல் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

“எடை போடுங்க,” என்றாள் தொட்டிக்காரி.

“என்னது?”

“தகட்டை எடை போடுங்க சார். கரைஞ்சா எடை குறையணும். எவ்வளவு குறைஞ்சுதோ அவ்வளவு மெலிஞ்சிருக்கு. இதுக்கு மெஷின் எதுக்கு?”

“பேப்பர்ல எடைன்னு ஒண்ணுமே இல்லயேம்மா.”

“பேப்பரைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க.”

கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு, மூலையில் அடுக்கியிருந்த தன் தகடுகளில் துண்டு வெட்டாத ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தாள். ரசாயனக் கிடங்கில் பொடிகளை நிறுக்க ஒரு தராசு உண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள். மூச்சுக் காற்று பட்டால்கூட எண் ஆடும். பின்னாலேயே பிரிண்ட் வந்தார். வேடிக்கை பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். அளவு அறையிலிருந்து தங்கையும் வந்து கதவோரம் நின்றாள்.

முதலில் கரைக்காத இருபத்தைந்து மைக்ரான் தகட்டை வைத்தாள். இரண்டு புள்ளி இருபத்திரண்டு கிராம்.

“பதினஞ்சு மைக்ரான்னா எவ்வளவு இருக்கணும்? நீதான் படிச்சவளாச்சே, சொல்லு,” என்றாள் கதவோரம் பார்க்காமலே.

தங்கை சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். “ஒண்ணு முப்பத்து மூணு.”

“பன்னெண்டுன்னா?”

“ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஏழு.”

தன் தகட்டைச் சாமணத்தால் எடுத்து வைத்து, கூண்டை மூடினாள். எண் கொஞ்சம் ஆடியது. பிறகு ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழில் நின்றது.

பிரிண்ட் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். “இது மொத்த எடை. ஓரமெல்லாம் கரைஞ்சு நடுவுல தடிப்பா நின்னிருக்கும். மெஷின் அந்த நடுத்துண்டைத்தான வளைக்குது?”

இந்த மாதிரிப் பதிலெல்லாம் மட்டும் எங்கிருந்துதான் முளைக்குமோ. தொட்டிக்காரி திரும்பித் தங்கையைப் பார்த்தாள். வீட்டில் அன்று பேசியதற்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். “வெட்டு. நடுவுல ஒண்ணு, நாலு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு. எல்லாம் ஒரே அளவு. நீயே வெட்டு, நீயே நிறு. அப்புறம் என் கை பட்டுச்சுன்னு சொல்ல வேண்டாம்.”

தங்கை வெட்டினாள். ஐந்து துண்டையும் ஒவ்வொன்றாக நிறுத்தாள். ஐந்தும் ஒரே எடை. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தாள். அதே எடை. அவள் காதுமடல் சிவந்துகொண்டே போனது.

“சரிங்க சாரோட தகடு, வெட்டாதது ஒண்ணு கொண்டாங்க,” என்றாள் தொட்டிக்காரி.

கொண்டுவந்தார்கள். கதவில் தாள் ஒட்டி மாலை போடாத குறையாகக் கொண்டாடிய தகடு. பூஜ்யம் புள்ளி எண்பது கிராம். அதாவது ஒன்பது மைக்ரான்தான்.

“அப்ப மெஷின் கெட்டுப்போச்சு. ரிப்பேருக்குச் சொல்லிடலாம்,” என்றார் பிரிண்ட்.

“மெஷின் கெடல சார்,” என்றாள் தங்கை. கிடங்குக்கு வந்ததிலிருந்து அவள் தானாகப் பேசியது அதுதான். “ஒரு அரை மணி நேரம் கொடுங்க.”

ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டு என்று மூன்று வகைத் தகட்டையும் எடுத்துப் போனாள். ஒவ்வொன்றையும் நிறுத்தாள், ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் வளைத்தாள், ஒரு தாளில் எதிரெதிரே எழுதிக்கொண்டு மேலாளர் அறைக்கு வந்தாள். ஐம்பதில் தராசும் இயந்திரமும் ஒன்றையே சொல்லின. இருபத்தைந்தில் இயந்திரம் ஒரு மைக்ரான் கூடச் சொன்னது. பன்னிரண்டில் மூன்று மைக்ரான்.

“இந்த இருபத்தஞ்சுல ஒரு மைக்ரான் எப்பவுமே கூடத்தான் வந்துச்சு. பரவால்லன்னு விட்டுட்டோம்,” என்றாள். “இந்த மெஷின் தடிமனை அளக்கறதே இல்ல சார். வளைக்க எவ்வளவு பலம் வேணும்னு அளக்குது. அதை வச்சு, இவ்வளவு பலம்னா இவ்வளவு தடிமன் இருக்கும்னு ஒரு சூத்திரத்துல போட்டுச் சொல்லுது. அந்தச் சூத்திரம் தடித்த தகட்டுக்குப் போட்டது. ரொம்ப மெலிசாயிட்டா தகடு அந்தச் சூத்திரம் சொல்றபடி வளையறதில்ல. முரண்டு பிடிக்குது.”

“மெலிசானா சுலபமாத்தான வளையணும்?”

“சுலபமாத்தான் வளையுது. ஆனா நாம நினைச்ச அளவுக்குச் சுலபமா இல்ல. வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடணும், உள்பக்கம் நசுங்கணும். தடித்த தகட்டுல அதுக்கு நடுவுல இடம் இருக்கு. இதுல இடமே இல்ல. இந்தப் பக்கம் இழுபடறதும் அந்தப் பக்கம் நசுங்கறதும் கிட்டக் கிட்ட நடக்கணும். உலோகத்துக்கு அது ஒத்துக்கல. அதனால கூடப் பலம் கேக்குது. கூடப் பலம் கேட்டா, தகடு தடிப்பா இருக்குன்னு மெஷின் நினைச்சுக்குது.”

“மெஷின் நினைக்கல,” என்றாள் தொட்டிக்காரி. “நீங்க நினைச்சீங்க.”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. “அந்த ரெண்டு பெட்டி எங்க சார்?”

“எந்த ரெண்டு பெட்டி?”

“எனக்குப் பாடம் நடத்த கதவுல ஒட்டினீங்களே, அந்தத் தகட்டுல வெட்டின நாக்கு. ஒடியப் போற நாக்கு. எங்க போச்சு?”

வாடிக்கையாளருக்குப் போய்விட்டது என்றார். திருப்பி வரவழைக்க ஒரு வழிமுறை இருக்கிறது, மேலே எழுதிக் கேட்க வேண்டும், ஒரு வாரம் ஆகலாம் என்று ஆரம்பித்தார். தொட்டிக்காரி அவர் மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் பேசி முடித்து வைக்கும் வரை எதிரிலேயே நின்றாள். சரிங்க சார் சேதி தெரிந்து வாசலில் வந்து நின்று, யாரும் எதுவும் கேட்காமலே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“சரி விடுங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு. இந்தக் கடிதத்தைக் கிழிச்சிடலாம்,” என்றார் பிரிண்ட். உபகாரம் செய்கிற முகத்தோடு கடிதத்தைக் கையில் எடுத்தார்.

“கிழிக்காதீங்க. அதுக்குக் கீழயே எழுதுங்க. எடை போட்டோம், இந்த அம்மா வேலையில தப்பே இல்ல, நாங்கதான் தப்பா அளந்தோம்னு.”

அவர் எழுதினார். ‘தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட வேறுபாடு’ என்று எழுதினார். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மூன்றாவது தடவைதான் ‘தவறு எங்களுடையது’ என்ற இரண்டு வார்த்தை அவர் பேனாவிலிருந்து வந்தது. அதையும் பிடுங்க வேண்டியிருந்தது.

வேலை போகவில்லை. தொட்டியும் போகவில்லை. இயந்திரத் தாளில் ‘தடிமன்’ இருந்த இடத்தில் ‘வளைக்கும் விசை’ என்று மாற்றினார்கள். தராசு அளவு அறைக்கு இடம் மாறியது. வேலை செய்கிறவர்கள் தொட்டிக்காரியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் போய்விட்டார்கள். தங்கை வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

“அக்கா.”

“ம்.”

“மன்னிச்சிடுக்கா. அந்த மெஷின் இந்த ஆறு வருஷத்துல ஒரு தடவைகூடப் பெரிசாத் தப்பா சொன்னதில்ல. அதனாலதான் நான்...”

“ஆறு வருஷமா?”

“ஆமா.”

“நான் உன்கூட எத்தனை வருஷமா இருக்கேன்?”

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். “இருபது.”

“இருபது வருஷத்துல உன்கிட்ட எத்தனை பொய் சொன்னேன்?”

தங்கை யோசிக்கவே இல்லை. “ஒண்ணுகூட இல்ல,” என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

தொட்டிக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை அழும்போது அக்கா எழுந்து பக்கத்தில் போகாமல் உட்கார்ந்திருந்தது, இருபது வருடத்தில் அன்றுதான்.